பூட்டிக் கிடந்த நாலு கட்டு வீடு, கட்டைப் பட்டி ஒயரிங்: புதுசா தொழிலுக்கு வந்தவர் எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

#1 புது_பேஸ்

அண்ணன்மாருக்கு வணக்கம். ஐடிஐ எலெக்ட்ரீஷியன் முடிச்சு ஒரு வருஷம் அப்ரண்டிஸும் ஆச்சு. அப்ரண்டிஸ் முழுக்க மில்லுல மோட்டார், பேனல். வீட்டு ஒயரிங்ல கைப்பழக்கம் கம்மி.

செட்டிநாட்டுல பள்ளத்தூர் பக்கம் ஒரு நாலு கட்டு வீடு (ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நாலு பகுதி). பல வருஷமா பூட்டிக் கிடந்துச்சு, தை மாசம் படைப்புக்கு (முன்னோருக்குப் படையல்) திறக்குறாங்க. "கரண்டெல்லாம் பாத்துக் குடுப்பா, அப்படியே ரெண்டாங்கட்டுல ரெண்டு ஏசி பாயிண்ட் போட்டுரு"ன்னு வீட்டு ஆச்சி கேக்குறாங்க. உள்ள இருக்குறது: தேக்குப் பட்டியில் (சுவர் மேல அடிச்ச மரச் சட்டம்) ஓடுற பழைய ஒயர், பீங்கான் கிட்கேட் ஃபியூஸ் (கையால பிடுங்கி எடுக்குற ரகம்), இரும்புப் பெட்டி மெயின், த்ரீ பேஸ் சர்வீஸ். மீட்டர் முகப்பில. கிணத்து மோட்டார் 1 ஹெச்பி, சிங்கிள் பேஸ், கடைசிக் கட்டுக்குப் பின்னால. மீட்டர்லேர்ந்து 70 மீட்டர் வருது. புதுசா ஒரு இன்வெர்ட்டரும் வைக்கப் போறாங்க.

முதல்ல எதுல கை வைக்கிறது?

#2 கண்டனூர்_கம்பியாள்

முதலில் சட்டம். ஐடிஐ சான்றிதழ் வேறு, கம்பியாள் தகுதிச் சான்றிதழ் வேறு. இரண்டாவதைக் கொடுப்பது கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். அது கையில் வராதவரை சான்று உள்ள ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். ஏசி இரண்டு சேர்ந்தால் அனுமதித்த லோடு தாண்டக்கூடும், தாண்டினால் மின்வாரியத்தில் கூட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்துப் போட்ட அறிக்கை கேட்பார்கள். அப்படி ஒருவரை இப்போதே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு போய் கையெழுத்து கேட்டால், பார்க்காத வேலைக்கு நல்ல ஒப்பந்ததாரர் எவரும் போடமாட்டார்.

மீட்டரும் அதற்கு முன்னால் இருக்கும் கட்அவுட்டும் (ஃபியூஸ்) மின்வாரியத்துடையது. சீலைத் தொடாதீர்கள்.

#3 மெகர்500

முதல் நாள் எடுத்த உடனே ஸ்க்ரூடிரைவரை வெளிய எடுக்காதீங்க தம்பி. முதல்ல நோட்டு, பென்சில், டார்ச், மாஸ்க் போதும்.

முகப்பு, வளவு (முற்றத்தைச் சுத்தின கட்டு), ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு தரைப்படம் ஒண்ணு கோடு போட்டு வரைஞ்சுக்குங்க. எந்த ஃபியூஸ் எந்தக் கட்டுக்குப் போகுதுன்னு ஒண்ணொண்ணா எழுதுங்க. பட்டியைக் கண்ணால பின்தொடர்ந்து போனா பாதிப் படம் கிடைச்சுரும். போற வழியில கறையான் மண் ஏறியிருக்கா, ரவுண்ட் பிளாக்குல (ஹோல்டர் மாட்டுற வட்ட மரக்கட்டை) குளவிக் கூடு இருக்கா, எலி கடிச்ச இடம் எதுன்னு குறிங்க. சுவிட்ச் போர்டுக்குள்ள பல்லி செத்துக் காய்ஞ்சு பேஸுக்கும் (கரண்டு வர்ற ஒயர்) நியூட்ரலுக்கும் (திரும்பிப் போற ஒயர்) நடுவுல ஒட்டியிருக்கும். அதையும் பாருங்க.

அடுத்து ஒயரோட வயசு. சப்ளையை முழுசா நிறுத்திட்டு ஒரு ரவுண்ட் பிளாக்கைக் கழட்டி, ஒயர் நுனியை விரலால லேசாத் தடவிப் பாருங்க. நூல் சுத்தின ரப்பர் ஒயரா இருந்து, ரப்பர் மாவு மாதிரி உதிர்ந்தா அந்த சர்க்யூட் முடிஞ்சது. வளைச்சுப் பாக்காதீங்க. வளைக்காத வரைக்கும் ஒட்டிக்கிட்டு நிக்கிற ரப்பர், ஒரு சுவிட்ச் மாத்துறேன்னு இழுத்த உடனே பட்டிக்குள்ள ஒரு அடி தூரத்துக்கு வெடிச்சுரும். நீங்க மாத்துன சுவிட்ச் நல்லா எரியும், பட்டிக்குள்ள கம்பி அம்மணமா நிக்கும்.

ரெண்டாம் நாள் மெகர், அதாவது இன்சுலேஷனை அளக்குற மீட்டர். 500 வோல்ட் டிசி. மெயின் ஆஃப், எல்லா பல்பையும் கழட்டு, ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் பிரி, சுவிட்ச் மட்டும் ஆன்ல இருக்கட்டும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடிச்சு எர்த்துக்கு அளங்க. அப்புறம் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல. ஒவ்வொரு சர்க்யூட்டும் 1 மெகாஓமுக்கு மேல காட்டணும். எல்ஈடி பல்பு ஒண்ணு மாட்டி இருந்தாலும் ரீடிங் தப்பு, பல்பும் போகலாம்.

இன்னொண்ணு. சித்திரை வெயில்ல 3 மெகாஓம் காட்டுற பழைய லைன் ஐப்பசி அடைமழைக்கு 0.2க்கு வந்துரும். சுண்ணாம்புச் சுவரும் தேக்குப் பட்டியும் ஈரத்தை உறிஞ்சும். அதனால மழைக்காலத்து ரீடிங்கை வச்சு முடிவெடுங்க. தையில படைப்புன்னா கார்த்திகையிலயே அளந்துருங்க, அதுதான் சரியான நேரம்.

#4 மூணாங்கட்டு

மேலே சொன்னதோடு, பழைய வீட்டில் புதியவர்களை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு: நியூட்ரலில் ஃபியூஸ்.

அந்தக் காலத்தில் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று ஜோடியாகத்தான் பீங்கான் கட்அவுட் வைத்தார்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும். பார்ப்பவர் "லைன் கட்" என்று நினைத்து ஹோல்டரில் கை வைப்பார். பேஸ் அங்கே முழு 230 வோல்ட்டோடு உயிரோடு நிற்கும். பல்பு மாட்டி இருந்தால் நியூட்ரல் ஒயரிலும் அதே 230 வந்து நிற்கும். எனவே முதல் வேலை: நியூட்ரல் பக்கத்து ஃபியூஸ் அனைத்தையும் எடுத்துவிட்டு லிங்க் (ஃபியூஸ் இல்லாத நேர் இணைப்பு) போடுவது. எது நியூட்ரல் என்பதை நிறத்தை நம்பி முடிவு செய்ய வேண்டாம். பல கை பட்ட வீட்டில் சிவப்பு, கருப்பு இரண்டும் இடம் மாறியிருக்கும். மீட்டரால் எர்த்துக்கு அளந்து பார்த்தே எழுதுங்கள்.

சுவிட்சும் சில இடத்தில் நியூட்ரலை வெட்டும். சுவிட்ச் ஆஃபில் ஹோல்டரில் பேஸ் இருந்தால் அது அந்த ரகம்.

#5 புது_பேஸ்

நியான் டெஸ்டர் வச்சுப் பாத்தா போதாதாண்ணே?

#6 மூணாங்கட்டு

போதாது. நீளமான பட்டியில் இரண்டு ஒயர் ஒட்டி ஓடினால், சப்ளை இல்லாத ஒயரிலும் நியான் மங்கலாக எரியும். பகல் வெளிச்சத்தில், முற்றத்து ஓரத்தில், எரிவதும் எரியாததும் கண்ணுக்கே தெரியாது. காய்ந்த மர ஏணியில் நின்று பார்த்தால் உண்மையான பேஸிலேயே சரியாக எரியாது.

டெஸ்ட் லேம்ப் அல்லது மல்டிமீட்டர். வரிசை இப்படி: உயிருள்ள ஒரு இடத்தில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பார், வேலை செய்யப் போகும் இடத்தில் பார், மறுபடி உயிருள்ள இடத்தில் பார். மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் மீட்டரின் லீடு அறுந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது அந்த மூன்றாவது பார்வைதான்.

மெயினை இறக்கியதும் ஃபியூஸ் கேரியர்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் வந்த பிறகு மெயின் இறக்கினாலும் அந்த லைன் உயிரோடு இருக்கும் என்பது தலையில் இருக்கட்டும். இரும்புப் பெட்டி மெயினுக்குள் மேல் பக்கத்து முனைகள் ஆஃபிலும் உயிர்தான்.

#7 ஏழு_இருபது

த்ரீ பேஸ் வீடுன்னு சொன்னீங்க. முகப்பு போர்டு ஒரு பேஸ், வளவு போர்டு வேற பேஸ்னா ரெண்டுக்கும் நடுவுல 400 வோல்ட்டு. ஏணியில நின்னு ரெண்டு கையையும் ரெண்டு போர்டுல வைக்கிற பழக்கம் வேண்டாம்.

நியூட்ரலையும் சோதிங்க. ஒரு பேஸ்ல மட்டும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுட்டு, மூணு பேஸையும் நியூட்ரலுக்கு அளங்க. லோடு போட்ட பேஸ் லேசா இறங்குறது சகஜம். அது 180க்கு விழுந்து மத்தது 260, 270ன்னு ஏறிச்சுன்னா நியூட்ரல் எங்கயோ லூசு. அப்படியே விட்டு, படைப்பு அன்னைக்கு முழு லோடு ஏறினா டிவி, ஃபிரிட்ஜ், எல்ஈடி எல்லாம் ஒரே நிமிஷத்துல போயிரும். முதல்ல மெயின் நியூட்ரல் முனையைப் பாருங்க. வாரியத்து அலுமினிய ஒயரும் நம்ம தாமிர ஒயரும் சேர்ற இடத்துல வெள்ளையா பூத்திருக்கும். அங்க பைமெட்டல் லக் (அலுமினியத்தையும் தாமிரத்தையும் சேர்க்குற முனை) போட்டு அழுத்தணும். மீட்டருக்கு முன்னாடின்னா வாரியத்துக்குச் சொல்லுங்க.

கடையில பெரியவங்க இன்னும் "ஒண்ணு பதினெட்டு", "மூணு இருபது", "ஏழு இருபது"ன்னு கேப்பாங்க. எத்தனை இழை, ஒவ்வொண்ணும் எத்தனாம் கேஜ்னு அர்த்தம். இப்ப உள்ள கணக்குல 1/18 சுமார் 1.2 சதுர மில்லி, 3/20 சுமார் 2, 7/20 சுமார் 4.6. வீட்டுல இருக்குற பழைய ஒயரை எண்ணிப் பார்க்கும்போது இது உதவும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 1/18 போயிருந்தா மாத்தியே ஆகணும்.

#8 ஆத்தங்குடிக்கல்

சுவரைப் பத்தி யாரும் பேசல. தம்பி, அந்த வீட்டுல கட்டிங் மெஷினை எடுத்துட்டுப் போகாதீங்க.

வளவு, பட்டாலை சுவரெல்லாம் சுண்ணாம்பை அரைச்சுத் தேய்ச்சு முட்டை வெள்ளை சேர்த்து மெருகேத்தின பூச்சு. பளிங்கு மாதிரி இருக்கும். அதுல ஒரு கோடு வெட்டினா திரும்ப மூட முடியாது. சிமெண்டு வச்சு அடைச்சா ஒரே மழைக்குள்ள அந்த இடம் மட்டும் கருத்து, ஓரம் விட்டு உதிரும். சிமெண்டு மூச்சு விடாது, சுண்ணாம்பு விடும். ரெண்டும் ஒட்டிப் போகாது. தரையில ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். கைவேலைக் கல், ஒண்ணைப் பேத்தா அதே சாயத்துல இன்னொண்ணு அமையாது. ஏணிக் காலுக்குக் கோணி கட்டுங்க, டூல்ஸைக் கீழ வைக்க ஒரு மெத்தை விரிங்க. சுத்தி ஒண்ணு விழுந்தா அன்னைக்குக் கூலி போச்சு.

ஒயர் எப்படிக் கொண்டு போறது? மூணு வழி. ஒண்ணு, இருக்குற தேக்குப் பட்டி நல்லா இருந்தா அதுக்கு மேலேயே புது ஒயர். ரெண்டு, பின்கட்டு, சமையல்கட்டு, குளியலறை மாதிரி சாதாரணப் பூச்சு உள்ள இடத்துல வெளிப்படையா 20 மில்லி பைப், சாடில் 60 சென்டிமீட்டருக்கு ஒண்ணு. மூணு, வளவுல மர கேசிங் கேப்பிங் (மூடி போட்ட மரப் பட்டி), உத்தரத்தோட ஓரத்தை ஒட்டி. தேக்குச் சாயம் கொடுத்தா கண்ணுல படாது.

சுவர்ல ஸ்க்ரூ பிடிக்கிறதுதான் இதுல பெரிய தலைவலி. சுண்ணாம்புக் காரையில பிளாஸ்டிக் ரவல் பிளக் நிக்காது, ஓட்டை அகண்டுக்கிட்டே போகும். ஹாமர் மோடை அணைச்சுட்டு வெறும் சுத்துல துளைங்க. செங்கல் கிடைக்கிற இடமாப் பாருங்க, காரைக் கோட்டுல வேண்டாம். துளைத் தூள் சிவப்பா வந்தா செங்கல், வெள்ளையா வந்தா காரை. கனமான போர்டுன்னா தேக்குக் குத்தி செதுக்கி, உள்பக்கம் அகலமா வெளிப்பக்கம் குறுகலா, சுண்ணாம்புக் கலவையில பதிச்சு ஒரு நாள் விட்டுட்டு அப்புறம் ஸ்க்ரூ.

முற்றத்தைப் பார்த்த தூண்ல, சாரல் அடிக்கிற பக்கம் சுவிட்ச் போர்டு வைக்காதீங்க. ஏற்கெனவே இருந்தா உள்பக்கம் தள்ளுங்க.

#9 கண்டனூர்_கம்பியாள்

முதல் வழியில் உடன்பாடில்லை. பட்டி நன்றாக இருந்தாலும் முழுக்கக் கழற்றிவிட்டு பிவிசி பைப்பில் போடுவதே மேல். மரத்தில் கறையான் வந்தால் பட்டியோடு ஒயரும் போகும், எலிக்கும் அது படிக்கட்டு.

#10 ஆத்தங்குடிக்கல்

முழுக்கக் கழட்டினா ஒவ்வொரு பட்டிக்கும் பின்னால ஆணி ஓட்டை வரிசையா நிக்கும், வளவுச் சுவரு அம்மைத் தழும்பு மாதிரி ஆயிரும். பின்கட்டுக்கு நீங்க சொல்றது சரி. வளவுல பட்டியை விட்டுட்டு ஒயரை மட்டும் மாத்தலாம். கூடவே பட்டி மேல 14 கேஜ் வெறும் தாமிரக் கம்பியை எர்த்துக்கு ஓட்டுங்க. அது 3.2 சதுர மில்லி, லைட், ஃபேன் லைனுக்குத் தாராளம். பழைய ரெண்டு ஒயர் லைன்ல எர்த்தே கிடையாதே.

வீட்டுல தகரச் சீலிங்கோ இரும்புத் தூணோ இருந்தா அதையும் எர்த்தோட சேருங்க. பழைய ஒயர் எங்கயாவது அதுல உரசி நின்னா, சீலிங் பூரா கரண்டு வரும். ஒரு ஃபியூஸும் போகாது.

#11 சும்மா_போட்டேன்

எர்த்து இல்லாத சாக்கெட்ல நியூட்ரலையும் எர்த்துப் பின்னையும் உள்ளயே ஒரு துண்டு ஒயரால சேர்த்துட்டா முடிஞ்சது. எதுக்கு இவ்வளவு?

#12 மெகர்500

சாக்கெட்டைக் கழட்டிப் பார்த்து அந்தத் துண்டு ஒயர் இருந்தா உடனே வெட்டி எடுங்க தம்பி. இவர் சொல்றதைச் செய்யாதீங்க.

காரணம்: நியூட்ரல் எங்கயாவது அறுந்தா, இல்ல மேல சொன்ன நியூட்ரல் ஃபியூஸ் போனா, பேஸ் ஃபிரிட்ஜ் மோட்டார் வழியா நியூட்ரல் முனைக்கு வந்து, அந்தத் துண்டு ஒயர் வழியா ஃபிரிட்ஜ் கதவுக்கு வரும். கதவுல 230 வோல்ட். ஃபிரிட்ஜ் ஓடாது, "என்னாச்சு"ன்னு வந்து கதவைத் திறக்குறவங்க கைதான் எர்த்து. தரை ஆத்தங்குடிக் கல்லு, கால்ல செருப்பு இருக்காது. அப்புறமா எர்த்து ஒயர் இழுத்து ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்டு கசிஞ்சா தானா விழுற சுவிட்ச்) வச்சாலும், அந்தத் துண்டு ஒயர், அதாவது ஜம்பர், இருக்குற வரைக்கும் சும்மா சும்மா விழும். அப்புறம் "ஆர்சிசிபி சரியில்ல"ன்னு அதையும் யாராவது தூக்கிருவாங்க.

#13 ஏழு_இருபது

எர்த்துக் குழிக்கு வருவோம். நம்ம பக்கம் செம்புறைப் பாறை. ரெண்டடிக்குக் கீழ கடப்பாரை துள்ளும், வெயில்காலத்துல எலும்பு மாதிரி காயும். பழைய வீட்டு எர்த்து பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும். கம்பி மண்ணுக்குள்ள அரிச்சு அறுந்திருக்கும்.

2.5 மீட்டர் நீளம், 40 மில்லி ஜிஐ பைப். சுவர்லேர்ந்து 1.5 மீட்டராவது தள்ளி. கரியும் உப்பும் பழைய முறை, உப்பு பைப்பை அரிக்கும். இப்ப பெண்டோனைட்னு ஒரு களிமண் மாவு கிடைக்குது, அது ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். இடம் முக்கியம்: முற்றத்துத் தண்ணி வெளிய விழுற வாய்க்கால் ஓரம், இல்லாட்டி கிணத்தடி துவைகல் பக்கம். ஒண்ணு போதலைன்னா ரெண்டாவது பைப், முதல் குழியிலேர்ந்து 5 மீட்டர் தள்ளி. பக்கத்துலயே போட்டா ரெண்டும் ஒரே மண்ணைத்தான் பகிரும், பிரயோஜனம் இல்லை. 5 ஓமுக்குள்ள கொண்டு வரப் பாருங்க.

ஆனா 5 ஓம் வந்துட்டா எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட்டுக்குத் தானா விழுற சுவிட்ச்) காப்பாத்தும்னு நினைக்காதீங்க. கணக்கு பாருங்க: நம்ம குழி 5 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் குழி 2 ஓம்னு வச்சா மொத்தம் 7. பேஸ் ஒரு மோட்டார் பாடியில பட்டா ஓடுற கரண்டு 230 வகுத்தல் 7, அதாவது 33 ஆம்பியர். 16 ஆம்பியர் சி ரக எம்சிபி உடனே விழ 80லேர்ந்து 160 ஆம்பியர் வேணும். 33க்கு அது சூடாகிச் சூடாகி மெல்லத்தான் விழும். அது வரைக்கும் மோட்டார் பாடியில 33 பெருக்கல் 5, நூத்தி அறுபது வோல்ட்டுக்கு மேல நிக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபின்னா கண் மூடித் திறக்குறதுக்குள்ள விழுந்துரும். குழி 100 ஓம் ஆனாலும் 0.03 பெருக்கல் 100, 3 வோல்ட்டுக்கே விழும். செம்புறை மண்ணுல ஆர்சிசிபி இல்லாத வீடு பாதுகாப்பான வீடு இல்லை.

#14 புது_பேஸ்

அப்போ மெயின்ல 63 ஆம்பியர் நாலு போல் (மூணு பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுற) ஆர்சிசிபி ஒண்ணு போட்டா வீடு முழுக்க ஆச்சா?

#15 மெகர்500

வீடு முழுக்க ஒண்ணுன்னா, மூணாங்கட்டுல கிரைண்டர் ஈரமானா முகப்புல விளக்கு அணையும். அதோட பழைய லைனு ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் சும்மாவே கசியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15க்கு மேல எப்ப வேணா விழலாம். பத்து லைன் கசிவு சேர்ந்தா காரணமே இல்லாத மாதிரி ராத்திரியில விழும். பேஸுக்கு ஒண்ணா மூணு ரெண்டு போல் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் வைங்க. ஆர்சிசிபி ஓவர்லோடைப் பாக்காது, கூடவே எம்சிபி கட்டாயம்.

ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் தனி நியூட்ரல் லிங்க். ஒரு லைனோட பேஸ் முதல் ஆர்சிசிபியிலயும் நியூட்ரல் ரெண்டாவதோட லிங்க்கிலயும் போனா, ஒரு பல்பைப் போட்ட உடனே ரெண்டும் விழும். பழைய வீட்டுல ரெண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரலை ஓட்டியிருப்பாங்க. அதைப் பிரிக்காம ஆர்சிசிபி நிக்காது. இன்வெர்ட்டரும் அதே பிரச்சினைதான்: இன்வெர்ட்டர் பேஸ் எடுத்த விளக்குக்கு நியூட்ரல் இன்வெர்ட்டர் அவுட்புட்லேர்ந்தேதான் வரணும்.

விழுந்தா தேடுற முறை:

எல்லா எம்சிபியும் ஆஃப், ஆர்சிசிபியை மட்டும் ஏத்துங்க. நின்னா எம்சிபியை ஒண்ணொண்ணா ஏத்துங்க, எதுல விழுதோ அந்த லைன்ல பேஸ் கசிவு. எல்லா எம்சிபியும் ஆஃப்ல இருக்கும்போதே விழுந்தா ஆர்சிசிபி கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க. ஒத்த போல் எம்சிபி நியூட்ரலை வெட்டாது. எங்கயோ நியூட்ரல் எர்த்தைத் தொடுது. லிங்க்கிலேர்ந்து நியூட்ரலை ஒண்ணொண்ணாக் கழட்டுங்க. எதைக் கழட்டினா நிக்குதோ அங்க போய் ஜம்பரைத் தேடுங்க. டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அழுத்தச் சொல்லி வீட்டுல காட்டிக் கொடுங்க.

#16 மூணாங்கட்டு

மோட்டாருக்கு என்ன ஒயர் என்று யாரும் சொல்லவில்லை. 70 மீட்டர் என்றால் போகவர 140 மீட்டர் தாமிரம்.

1 ஹெச்பி சிங்கிள் பேஸ் ஓடும்போது சுமார் 7 ஆம்பியர், கிளம்பும்போது அதைப்போல் ஐந்து மடங்கு, 35 என்று வையுங்கள். 1.5 சதுர மில்லி ஒயர் கிலோமீட்டருக்கு 13.3 ஓம், 140 மீட்டருக்கு 1.86 ஓம். ஓடும்போது 13 வோல்ட் போகும், கிளம்பும்போது 65. ஊரில் மாலை நேரம் 200 வோல்ட்தான் வருகிறது என்றால் மோட்டாருக்கு மிஞ்சுவது 135. கிளம்பாமல் "ம்ம்ம்" என்று முனகும், காயில் கருகும். அப்புறம் கபாசிட்டர் மேல் பழி விழும்.

2.5 என்றால் 1.12 ஓம்: ஓட்டத்தில் 8 வோல்ட், கிளம்ப 39. நாலு என்றால் 0.69 ஓம்: 5 வோல்ட், 24. எனவே 4 சதுர மில்லி. எம்சிபி சி ரகம். பி ரகம் தன் ஆம்பியரைப்போல் மூன்று மடங்கிலேயே விழலாம், கிளம்பும் கரண்டைத் தாங்காமல் போகலாம்.

ஏசிக்கு: ஒன்றரை டன் 7, 8 ஆம்பியர் இழுக்கும். 4 சதுர மில்லி தனி லைன், 20 ஆம்பியர் சி ரக எம்சிபி, இரண்டு ஏசியும் வேறு வேறு பேஸில். பக்கத்தில் இருக்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து இழுப்பது வேண்டாம். எந்தச் சாக்கெட்டிலும் ஒயர் ஓட்டைக்குள் போகவில்லை என்று இழைகளில் கால்வாசியை வெட்டி நுழைக்காதீர்கள். 4 சதுர மில்லி 3 ஆகிவிடும், அதுவும் சரியாகச் சூடு ஏறும் இடத்தில். பின் வகை லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஊசி முனை) போட்டு அழுத்துங்கள். மெல்லிய ஒயர் பெரிய ஓட்டையில் போனால் நுனியை மடித்து இரட்டையாக்குங்கள். மறுநாள் ஒரு முறை எல்லா ஸ்க்ரூவையும் திரும்ப முறுக்குங்கள். தாமிரம் அழுந்தி லேசாக விட்டுக்கொடுத்திருக்கும்.

#17 ஏழு_இருபது

ஃபேன் கொக்கி. மெட்ராஸ் டெரஸ் தளத்துல (உத்தரத்து மேல செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய மாடித் தளம்) ஓட்டை போட்டு போல்ட் இறக்காதீங்க. மேல சுண்ணாம்பு ஓடு விரிஞ்சு ஐப்பசியில ஒழுகும். பழைய கொக்கியைப் பத்து கிலோ மூட்டை கட்டித் தொங்கவிட்டு அரை நாள் பாருங்க. சந்தேகம் இருந்தா தேக்கு உத்தரத்தைச் சுத்தி இரும்புப் பட்டா கிளாம்ப், அதுல 10 மில்லி கம்பிக் கொக்கி. ஸ்க்ரூவை மட்டும் நம்பி உத்தரத்துக்கு அடியில ஃபேன் மாட்டக் கூடாது. ஃபேன் ஆட்டத்துக்கு மெல்ல மெல்லத் திருகி வெளிய வரும்.

பூட்டிக் கிடந்த வீட்டு ஃபேன் மெதுவாச் சுத்தினா காயிலைக் குறை சொல்லாதீங்க. கபாசிட்டர் இறங்கியிருக்கும், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். பழசுல என்ன எழுதியிருக்கோ அதையே போடுங்க. வேகமாச் சுத்தட்டும்னு பெருசு போட்டா காயில் சூடாகும்.

#18 கண்டனூர்_கம்பியாள்

கூலி விஷயம். பாயிண்ட் ரேட்டுக்கு (ஒரு விளக்கு, ஒரு சாக்கெட்டுக்கு இவ்வளவு என்று) இந்த வீட்டை ஒத்துக்கொள்ளாதீர்கள். புது வீட்டில் பாயிண்ட் கணக்கு சரி. இங்கே ஒரு பாயிண்டுக்கு முன்னால் நாலு மணி நேரம் தேடல் இருக்கும். சோதனைக்கு நாள் கூலி, புதிதாகப் போடும் ஏசி லைன், மோட்டார் லைன், போர்டு மட்டும் பாயிண்டும் மீட்டரும். எது எதில் சேரும் என்று ஒரு தாளில் எழுதி ஆச்சியிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். சாமான் அவர்களே வாங்கட்டும், நீங்கள் பட்டியல் மட்டும் கொடுங்கள்.

படைப்பு அன்று பந்தல் சீரியல் செட்டு, ஜெனரேட்டர் வரும். அதை வீட்டு போர்டில் எங்கேயாவது செருக விடாதீர்கள். நாலு போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வாரியக் கரண்டு, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைப்பது) இல்லாமல் ஜெனரேட்டரை இணைத்தால் கரண்டு திரும்பி வாரிய லைனுக்குப் போகும், கம்பத்தில் ஏறி நிற்பவர் உயிர் போகும்.

#19 புது_பேஸ்

எல்லாருக்கும் நன்றிண்ணே. சான்று உள்ள ஒரு அண்ணன் கூட வர ஒத்துக்கிட்டார். முதல் தவணைப் பட்டியல் இப்படிப் போட்டிருக்கேன், தப்பிருந்தா சொல்லுங்க. ஏசி ரெண்டும் போர்டுலேர்ந்து 30 மீட்டர்.

4 சதுர மில்லி சிவப்பு 2 காயில், கருப்பு 2 காயில் (காயில் 90 மீட்டர்), 2.5 சதுர மில்லி பச்சை 2 காயில். 14 கேஜ் தாமிரக் கம்பி வளவுக்கு. ஆர்சிசிபி ரெண்டு போல் 40 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியர் 3. சி ரக எம்சிபி 20 ஆம்பியர் 2, மோட்டாருக்கு 16 ஆம்பியர் 1. லைட்டு லைனுக்கு பி ரக 6 ஆம்பியர் 9. ஜிஐ பைப் 2.5 மீட்டர் 2. பெண்டோனைட் 2 மூட்டை. நியூட்ரல் லிங்க் 1. பின் லக், பைமெட்டல் லக்.

#20 மெகர்500

ஒயர் கணக்கு சரி. மோட்டார் 70 மீட்டருக்கு ஒரே காயில்ல இழுங்க, ஏசி ரெண்டுக்கும் சேர்த்து இன்னொண்ணு. மாத்தி இழுத்தா நடுவுல ஜாயிண்ட் விழும். லைட்டு லைனுக்கு 1.5 காயில் பட்டியல்ல இல்லை. மெகர் ரீடிங் வந்த பிறகு எத்தனை லைன் மாத்தணும்னு தெரியும், அப்ப வாங்கலாம்.

நியூட்ரல் லிங்க் ஒண்ணு பத்தாது. ஆர்சிசிபிக்கு ஒண்ணா மூணு, இன்வெர்ட்டருக்கு ஒண்ணு, நாலு வாங்குங்க. எர்த்துக்குத் தனியா ஒரு லிங்க்.

#21 ஆத்தங்குடிக்கல்

ஏணிக்குக் கோணியும் எழுதிக்குங்க தம்பி.